நாளைக்குக் காலையில் பில் வருமா?

எங்கள் மென்பொருளைப் பாவிக்கிறவர்களில் பாதிப்பேருக்கு அதன் பெயர் தெரியாது. "பில் அடிக்கிறது" என்றுதான் சொல்வார்கள். திருகோணமலை மத்திய வீதியில் ஹாட்வெயார் கடைகள், ஆஸ்பத்திரிப் பக்கம் பாமசிகள், கிண்ணியாவிலும் மூதூரிலும் பலசரக்குக் கடைகள், உப்புவெளி, நிலாவெளியில் விருந்தினர் விடுதிகள். இவர்கள்தான் எங்கள் வாடிக்கையாளர்கள். எங்கள் நிறுவனத்தில் நான் புரோகிராம் எழுதுபவள் அல்ல, போன் எடுப்பவள். புதிய வேர்ஷன் போகும்போது என்ன மாறியது என்று கடைக்காரர்களுக்குச் சொல்லும் குறிப்பையும் நானே எழுதுகிறேன். ஆள் பற்றாக்குறையால் இரண்டு வேலையும் என் தலையில் விழுந்தது. இப்போது யாராவது பிரித்து எடுக்கிறேன் என்றாலும் கொடுக்கமாட்டேன். குறிப்பில் விடுபட்டதெல்லாம் அடுத்த நாள் காலையில் போனில் வரும். அந்தப் போனை எடுக்கிறவளே எழுதினால்தான் குறிப்பு உருப்படும்.

புரோகிராம் எழுதும் டெவலப்பர்மாருக்கென்று ஒரு மாற்றப் பதிவேடு இருக்கிறது. அது அவர்களுக்குத் தேவை. அதற்கு நல்ல ஒழுங்குகளும் உண்டு. சேர்த்தது, மாற்றியது, கைவிடப்போவது, நீக்கியது, திருத்தியது, பாதுகாப்பு என ஆறு தலைப்பின் கீழ் எழுதும் 'கீப் எ சேஞ்ச்லொக்' முறை ஒன்று. பழையதோடு ஒத்துப்போகாத மாற்றம் வந்தால் வேர்ஷன் இலக்கத்தின் முதல் எண், புதிய வசதி வந்தால் நடு எண், திருத்தம் மட்டும் என்றால் கடைசி எண் கூடும் என்ற 'செமான்டிக் வேர்ஷனிங்' இன்னொன்று. எங்கள் பெடியன்கள் இரண்டையும் ஒழுங்காகத்தான் செய்கிறார்கள். அந்தப் பதிவேட்டையே தமிழாக்கிக் கடைக்கு அனுப்பிவிடலாம் என்று நினைக்கும்போதுதான் கரைச்சல் தொடங்குகிறது. "வரிக் கணிப்பு மொடியூல் மீளமைக்கப்பட்டது" என்ற வரியை வாசித்துவிட்டுக் கிண்ணியாவிலிருந்து ஒரு ஹாஜியார் கூப்பிட்டார்.

"மகள், இதெல்லாம் கிடக்கட்டும். நாளைக்குக் காலையில பில் வருமா, வராதா? அதச் சொல்லுங்க."

அன்றிலிருந்து டெவலப்பர்மாரின் பட்டியல் கைக்கு வந்ததும் ஒவ்வொரு வரிக்கும் நான் கேட்பது, இதை வாசித்தபின் கடைக்காரர் எதையாவது செய்யவேண்டுமா என்பதைத்தான். செய்யவேண்டும் என்றால் அது குறிப்பின் முதல் வரி. செய்ய ஒன்றுமில்லை, ஆனால் திரையிலோ பில்லிலோ வேறுமாதிரித் தெரியும் என்றால் இரண்டாவது. முன்பு பிழையாக இருந்து இப்போது சரியாகிவிட்டது என்றால் அதற்குக் கீழே. இவை எதிலும் சேராதவை குறிப்பிலேயே வராது. நீளமான பட்டியலில் கடைசியில் நாலைந்து வரிதான் மிஞ்சும். சில தடவை ஒன்றுமே மிஞ்சாது. அப்போதும் குறிப்பு போடுவேன்: "இந்த அப்டேட்டில் நீங்கள் செய்யவேண்டியது எதுவுமில்லை. திரையும் பில்லும் வழமைபோலவே இருக்கும்." போன் குறைவாக வருவது இந்த வரி போன நாட்களில்தான். எதுவோ மாறிவிட்டது என்ற பயத்தில் கூப்பிடுகிறவர்கள் அவ்வளவு பேர்.

இந்த வடிகட்டலுக்கு எதிர்ப்பு உள்ளே இருந்துதான் வந்தது.

"அக்கா, மூண்டு மாசமா மண்டைய உடைச்சு டேட்டாபேஸை மாத்தினது. ஒரு வரிகூட இல்லையா?"

"அதால கடைக்காரருக்கு என்ன தம்பி கிடைக்கும்?"

"பழைய பில் தேடினா முந்தி சுத்திக்கொண்டே நிக்கும். இப்ப உடனே வரும்."

"அப்ப அதைத்தானே எழுதவேணும்."

"பழைய பில்லைத் தேடும்போது இனிக் காத்திருக்கத் தேவையில்லை" என்று போட்டேன். தம்பிக்கு முழுத் திருப்தியில்லை என்று நினைக்கிறேன், ஆனால் மூதூரில் ஒரு கடைக்காரர் அந்த வரியைச் சொல்லி நன்றி சொன்னதும் முகம் மலர்ந்தது. அதன்பிறகு ஒரு நடைமுறை வைத்தோம். யார் எந்த மாற்றத்தைச் சேர்த்தாலும், அதை இன்னொருவர் பார்த்து ஒப்புதல் கொடுக்கும் படிவத்தில் "கடையில் இருப்பவர் என்ன காண்பார்?" என்ற கட்டத்தை நிரப்பவேண்டும். "ஒன்றும் காணமாட்டார்" என்பதும் பதில்தான். வெறுமையாக மட்டும் விடக்கூடாது. வெளியிடும் நாளுக்கு முதல்நாள் இரவு ஒவ்வொருவரையும் துரத்தித் துரத்திக் கேட்கும் வேலை இதோடு நின்றது.

எழுதுவது ஒருபுறம் இருக்க, அது வாசிக்கப்படுகிறதா என்பது வேறு கதை. ஒரு பாமசியில் காலை நேரம் போய் நின்று பார்த்தேன். காசு மேசையில் இருந்த தங்கச்சி கொம்பியூட்டரைப் போட்டார். கண்ணாடிக்கு அப்பால் கிளினிக் துண்டோடு ஆட்கள் நிற்கத் தொடங்கிவிட்டார்கள். திரையில் எங்கள் குறிப்பு பெட்டியாக எழும்பியது. அவர் அதைப் பார்க்கவேயில்லை. இடது கை எஸ்கேப் பட்டனை அழுத்தியது, வலது கை முதல் துண்டை வாங்கியது. அதற்குப் பிறகும் அவர் திரையைப் பார்த்தது குறைவு. எஃப் 8, எண்ணிக்கை, என்டர், என்டர். கண் மருந்துப் பெட்டியில், விரல் தன்பாட்டில் ஓடுகிறது. அவருக்குப் பட்டன்களின் பெயர் தேவையில்லை, இடம்தான் தேவை. "ரிட்டர்ன் வசதி மேம்படுத்தப்பட்டுள்ளது" என்று எழுதி அவருக்கு என்ன பிரயோசனம்? "ரிட்டர்ன் பட்டன் கீழிருந்து மேல் வலது மூலைக்குப் போயிருக்கிறது. எஃப் 9 பழையபடியே வேலை செய்யும்" என்றால் அவருக்கு உதவும்.

அந்தப் பெட்டியைக் காலையிலிருந்து இரவுக்கு மாற்றச் சொன்னேன். நாள் கணக்கு முடித்து, லாச்சியில் இருக்கும் காசு சரி என்று பார்த்த பிறகு இப்போது அது வருகிறது. அந்த நேரம் வரிசை இல்லை, முதலாளியும் பெரும்பாலும் பக்கத்தில் நிற்பார். மாற்றம் அமுலுக்கு வரப்போவது மறுநாள் காலை என்பதால், வாசித்துவிட்டு ஒரு இரவு இடைவெளியும் கிடைக்கிறது. எழுத்தில் நான் செய்த எந்தத் திருத்தத்தையும்விட இந்த நேரமாற்றம் கூடுதலாக வேலை செய்தது.

இனி வற், அதாவது பெறுமதி சேர் வரி. நான் எழுதியவற்றில் அதிகம் யோசித்து எழுதியது அந்தக் குறிப்பைத்தான்.

2022 ஜூனில் 8 வீதத்திலிருந்து 12 ஆகி, செப்டெம்பரில் 15 ஆன வற், 2024 ஜனவரி 1 முதல் 18 வீதமானது. டெவலப்பரின் பார்வையில் இது ஒரு எண்ணை மாற்றும் வேலை. "வற் வீதம் 18 ஆக மாற்றப்பட்டுள்ளது" என்ற ஒரு வரிக் குறிப்பும் எழுதித் தந்தார்கள். பொய்யில்லை. ஆனால் கடைக்குக் கடை அது வேறு வேறு விடயம். வற் பதிவே இல்லாத சிறு கடைகள் எங்களிடம் ஏராளம். அவர்களுக்கு முதலில் போகவேண்டியது, "வற் பதிவு இல்லாத கடைகளுக்கு இந்த அப்டேட்டில் எந்த மாற்றமும் இல்லை" என்ற வரி. கூடவே, பதிவுக்கான எல்லை வருடத்துக்கு 80 மில்லியன் ரூபா விற்பனையிலிருந்து 60 மில்லியனுக்கு அதே நாளில் இறங்கியது. இரண்டுக்கும் இடையில் நின்ற கடைகள் தங்கள் கணக்காளரிடம் கேட்கவேண்டும். அதற்கும் ஒரு வரி. அதுவரை விலக்கில் இருந்த கைத்தொலைபேசி, சமையல் எரிவாயு போன்றவையும் அன்றுமுதல் வரிக்குள் வந்தன. அவற்றை விற்கும் கடைக்காரர், பதிவுள்ளவராக இருந்தால், அந்தப் பொருட்களின் வரிப் பிரிவைத் தானே மாற்றவேண்டும், மென்பொருள் தானாக மாற்றாது. செய்யவேண்டியது இது. ஆகவே முதல் இடத்துக்குப் போனது.

எல்லாவற்றையும்விட முக்கியமானதைப் பெடியன்கள் யாரும் சொல்லவில்லை, ஏனென்றால் அவர்கள் பக்கத்தில் எல்லாம் சரியாகவே ஓடியது. விலையை வரியோடு சேர்த்தே போட்டுவைக்கும் கடைகள் உண்டு. 1,150 ரூபா என்று ஒட்டிய பொருளில் முன்பு 1,000 கடைக்கு, 150 வரி. வீதம் மாறியபின் ஒட்டிய விலை அப்படியே இருந்தால் பில்லிலும் அதே 1,150தான் வரும். உள்ளே வரி 175 ரூபா 42 சதமாகக் கூடும், கடைக்கு மிஞ்சுவது 974 ரூபா 58 சதம். திரையில் எதுவும் மாறவில்லை, பிழைச் செய்தி இல்லை, வாடிக்கையாளரும் ஒன்றும் கேட்கமாட்டார். மாத முடிவில் முதலாளிதான் லாபம் எங்கே போனது என்று தேடுவார். எனவே இப்படி எழுதினேன்:

"உங்கள் விலைகள் வரியோடு சேர்த்துப் போடப்பட்டிருந்தால், ஜனவரி 1க்குப் பிறகும் பில் தொகை மாறாது. ஆனால் அதில் வரிக்குப் போகும் பங்கு கூடும், உங்களுக்கு மிஞ்சுவது குறையும். விலையைக் கூட்டுவதா விடுவதா என்பது உங்கள் முடிவு. கூட்டுவதானால் டிசம்பர் 31 இரவு நாள் கணக்கு முடித்தபின் மாற்றுங்கள்."

அதன்கீழே 1,150 ரூபா உதாரணத்தை அப்படியே போட்டேன். சதவீதக் கணக்கை விளக்கப் போகவில்லை. கடைக்காரருக்கு நான் கணக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை, எண்ணைக் கண்டால் அவரே பிடித்துவிடுவார்.

டிசம்பரில் விற்ற பொருள் ஜனவரியில் திரும்பி வந்தால் என்ன செய்வது என்பது இன்னொன்று. பழைய பில்லை எடுத்து அதிலிருந்து ரிட்டர்ன் போட்டால் 15 வீதத்திலேயே கழியும். பில் இல்லாமல் புதிதாகப் போட்டால் 18 வீதம் விழும், கணக்கு இடிக்கும். "டிசம்பர் பில்லுக்கு ரிட்டர்ன் போடும்போது பில் இலக்கத்தை அடித்தே எடுங்கள்" என்ற வரி இதனால் வந்தது. கடைசியாக, சரிபார்க்க ஒரு வழி: "ஜனவரி முதல் பில்லைப் பாருங்கள். வரி சேர்க்காத 1,000 ரூபாப் பொருளுக்கு வற் 180 என்று வரவேண்டும். 150 என்று வந்தால் அப்டேட் இறங்கவில்லை, கூப்பிடுங்கள்." சரியாக நடந்ததா என்று கடைக்காரரே பார்த்துக்கொள்ள ஒரு எண் கொடுப்பதை அன்றிலிருந்து வழக்கமாக்கிக்கொண்டேன்.

பணம் சம்பந்தப்பட்ட திருத்தங்களில் "சிறு பிழைகள் திருத்தப்பட்டன" என்று எழுத நான் விடுவதில்லை. கோடிக்கணக்கானோர் பாவிக்கும் செயலிகள் ஒவ்வொரு தடவையும் "பிழைத் திருத்தங்களும் செயற்பாட்டு மேம்பாடுகளும்" என்று ஒரே வரியைப் போடுவதை மன்னிக்கலாம். அவர்கள் ஒரே வேர்ஷனைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்துவிடுகிறார்கள், எல்லோருக்கும் ஒரே நாளில் ஒரே மாற்றம் தெரிவதில்லை. பில் தொகை பிழைக்கக்கூடிய இடத்தில் அந்த வரி கடைக்காரரைப் பேய்க்காட்டுவது. எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதி வரை, எந்த வகைப் பில்லில், எவ்வளவு வித்தியாசம், அந்தப் பில்களை எந்த அறிக்கையில் பார்க்கலாம். இந்த நாலும் இல்லாமல் குறிப்பு போகாது. பாதுகாப்பு ஓட்டைகளுக்கு மட்டும் வேறு முறை: "எல்லோரும் இரகசிய PIN இலக்கத்தை மாற்றுங்கள்" என்று செய்யவேண்டியதை உடனே சொல்வோம், ஓட்டை எப்படிப்பட்டது என்ற விபரம் எல்லாக் கடைகளுக்கும் அப்டேட் போய்ச் சேர்ந்தபின்.

புதிய வசதியைச் சொல்லும்போது அதனால் வரும் இடைஞ்சலையும் சேர்த்துச் சொல்லவேண்டும். தமிழில் பொருட்களின் பெயரோடு பில் வரவேண்டும் என்று பலர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். கடைகளில் இருக்கும் மலிவான தேர்மல் பிரின்டர்களுக்குள் தமிழ் எழுத்து கிடையாது. ஆங்கில எழுத்து என்றால் எழுத்தாகவே அனுப்பலாம், பிரின்டர் தன்னிடம் உள்ளதை எடுத்து அடித்துவிடும். தமிழை ஒரு படமாக வரைந்து, புள்ளி புள்ளியாக அனுப்பவேண்டும். 58 மில்லிமீற்றர் கடதாசியில் ஒரு வரிசைக்கு 384 புள்ளி, 80 மில்லிமீற்றரில் 576. அதனால் நீண்ட பில் கொஞ்சம் ஆறுதலாகத்தான் வரும். இந்தப் புள்ளிக் கணக்கு எதுவும் கடைக்காரருக்குத் தேவையில்லை. அவருக்குப் போனது இது: "பில்லைத் தமிழில் எடுக்கலாம். தமிழ்ப் பில் வெளிவர வழமையைவிடச் சற்று நேரம் எடுக்கும், அது பிரின்டர் பழுது அல்ல. கூட்டம் உள்ள நேரம் எஃப் 11 அழுத்தினால் உடனே ஆங்கிலத்துக்கு மாறும்." இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிடும்படி எங்கள் விற்பனைப் பக்கத்தில் சொன்னார்கள், புது வசதியைக் குறைத்துக் காட்டுகிறதாம். நான் விடவில்லை. அந்த வாக்கியம் இல்லாமல் போயிருந்தால் பாதிக் கடைகள் பிரின்டரைத் திருத்தக் கொண்டுபோயிருக்கும்.

எங்கே அனுப்புகிறோம் என்பதைப் பொறுத்து நீளம் மாறும். கூகுள் பிளேயில் குறிப்புக்கு ஒரு மொழியில் 500 எழுத்துக்குறி வரைதான். எஸ்.எம்.எஸ்.ஸில் நிலைமை இன்னும் இறுக்கம்: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160, தமிழில் 70. அதற்கு மேல் போனால் துண்டாகும், ஒவ்வொரு துண்டுக்கும் 67, காசும் துண்டுக்கணக்கில். அதிலும் 'கொ' என்பது நமக்கு ஒரு எழுத்து, அங்கே இரண்டு. மெய்யெழுத்தின் மேல் வரும் குற்றும் தனியாக எண்ணப்படும். "புதன் இரவு அப்டேட். கடை பூட்டியபின் கணினியை நிறுத்தாதீர்கள்." இடைவெளி, புள்ளி எல்லாம் சேர்த்து 60, ஒரே செய்தியில் அடங்குகிறது. எஸ்.எம்.எஸ்.ஸில் 'நாளை' என்று எழுதவே கூடாது. செவ்வாய் அனுப்பியதைப் புதன் காலையில் பார்க்கிறவர் வியாழன் இரவுக்காகக் காத்திருப்பார்.

மீதி எல்லாம் வட்ஸ்அப்பில். அங்கே நீளத்துக்குப் பெரிய தடையில்லை என்பதற்காக நீட்டக்கூடாது. 'மேலும் வாசிக்க' என்று மடிந்துபோகும் இடத்துக்கு முன்னாலேயே செய்யவேண்டியது வந்துவிடவேண்டும். வயதான முதலாளிமார் சிலர் "வாசிக்கக் கண்ணாடி வேணும் பிள்ளை, பேசி அனுப்புங்கோ" என்றார்கள். அவர்களுக்குக் குரல் பதிவு அனுப்பத் தொடங்கினேன். அதில் எனக்கும் ஒரு லாபம். எழுதியதை வாயால் சொல்லும்போது எந்த வாக்கியத்தில் மூச்சு முட்டுகிறதோ அதை வெட்டவேண்டும் என்று தெரிந்துவிடும். இப்போது எல்லாக் குறிப்பையும் முதலில் பேசிப் பதிவுசெய்து, பிறகுதான் எழுத்தைத் திருத்துகிறேன்.

திருகோணமலை என்றால் மூன்று மொழி. சிங்களக் குறிப்பை எழுதும் தோழியிடம் நான் தமிழ்க் குறிப்பைக் கொடுப்பதில்லை, விடயங்களை மட்டும் கொடுப்பேன். அவர் தன் கடைக்காரர்களுக்கு எப்படிச் சொல்வாரோ அப்படி எழுதுவார். ஆனால் வரிகளின் ஒழுங்கும் இலக்கங்களும் மூன்று மொழியிலும் ஒன்றாக இருக்கவேண்டும் என்பதில் இறுக்கமாக இருக்கிறோம். கந்தளாயிலிருந்து ஒருவர் "மூன்றாவதில் சொன்னது வரவில்லை" என்று கூப்பிட்டால், போனை யார் எடுத்தாலும் அது எது என்று தெரியவேண்டும். திரையில் ஆங்கிலத்தில் இருக்கும் பட்டன் பெயரைக் குறிப்பிலும் அதே ஆங்கில எழுத்தில் விடுகிறோம். அழகான தமிழ்ப் பெயர் வைத்தால் கடைக்காரர் திரையில் அதைத் தேடிக்கொண்டிருப்பார்.

எப்போது வெளியிடுவது என்பதில் எனக்குப் பேச உரிமை கிடைத்ததும் குறிப்பு எழுதுவதால்தான். நிலாவெளி, உப்புவெளி விடுதிகளுக்கு மே தொடங்கிச் செப்டெம்பர் வரை சீசன். அந்த மாதங்களில் முன்பதிவுத் திரையைத் தொடக்கூடாது, எவ்வளவு நல்ல குறிப்பு எழுதினாலும் வாசிக்க ஆள் இராது. பலசரக்குக் கடைகளுக்குச் சித்திரைப் புத்தாண்டுக்கும் நோன்புப் பெருநாளுக்கும் முந்திய கிழமைகள். வெள்ளிக்கிழமை எதையும் வெளியிடாதே என்பது டெவலப்பர்மார் எல்லோரும் சொல்லும் பாடம், ஆனால் கிண்ணியாவில் ஜும்ஆவுக்குக் கடை பூட்டும் வெள்ளி மத்தியானம்தான் பகலில் அப்டேட் இறக்க வசதியான நேரம். கடைக்காரர்களே கேட்டு வாங்கியது அது. எங்கள் பெடியன்கள் இன்னும் முணுமுணுத்துக்கொண்டுதான் செய்கிறார்கள்.

ஒரு வசதியை எடுத்துவிடப் போகிறோம் என்றால், எடுத்தபின் சொல்வதில் பயனில்லை. குறைந்தது ஒரு மாதத்துக்கு முன்பே, யாருக்கு அது பாவனையில் இருக்கிறதோ அவர்களுக்கு மட்டும், பதிலுக்கு என்ன செய்யலாம் என்பதோடு. பாவிக்காதவர்களுக்கும் அனுப்பினால், தாம் அறியாத ஏதோ ஒன்று பறிபோகிறது என்று அவர்களும் கூப்பிடுவார்கள்.

வெளியிட்டபின் முதல் இரண்டு நாளும் வரும் கேள்விகளை ஒரு கொப்பியில் எழுதிவைக்கிறேன். குறிப்பிலேயே பதில் இருந்தும் கேட்கிறார்கள் என்றால் அந்த வரி பிழையான இடத்தில் இருக்கிறது, மேலே ஏற்றவேண்டும். குறிப்பில் இல்லாததைக் கேட்டால் அன்று பின்னேரமே சேர்த்து, தலைப்பில் திருத்திய திகதி போட்டு மறுபடி அனுப்புவேன். பழைய குறிப்புகளை வேர்ஷன் இலக்கத்தின்படி இல்லாமல் திகதியின்படி அடுக்கிவைத்திருக்கிறோம், "பொங்கலுக்குப் பிறகு வந்ததே, அது" என்றுதான் கேட்பார்கள் என்பதால். திருத்தும்போது பழைய வரியை அழிப்பதில்லை, கோடு போட்டு வெட்டிவிட்டு அதன்கீழ் புதியதைப் போடுவேன். முதல் தடவை வாசித்தவர் அந்த வரியைத்தான் தேடி வருவார்.